ஐந்து நாள் மாத்திரை

கும்மிடிப்பூண்டி பஜாரில் மெடிக்கல் கடைக்குக் கூட்டம் சேர்வது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். சிப்காட்டில் ஷிப்ட் விட்டு ஒரு கும்பல் வரும், சென்னை மின்சார ரயிலில் இறங்கி ஒரு கும்பல் வரும். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே கவுண்டரில் கை நீட்டும். இளவட்டங்கள் சட்டென்று வேலையை முடித்துக்கொள்வார்கள்: தலைவலிக்கு ஒன்று, வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்திரி, கூகுள் பே, போய்க்கொண்டே இருப்பார்கள். நின்று, கூட்டி, கழித்து, மறுபடி கூட்டி வாங்குகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். எதிர்ப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இதெல்லாம் நன்றாகத் தெரியும், காதிலும் விழும்.

பெரியவர்கள் பெரும்பாலும் டாக்டர் சீட்டு கொண்டு வருவதில்லை. காலி அட்டைதான் கொண்டு வருகிறார்கள். மாத்திரை பிதுக்கிய அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு, மஞ்சள் பையிலோ சட்டைப்பையிலோ வைத்திருப்பார்கள். கடைப் பையன் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் படிப்பான். சில அட்டைகளில் பெயர் பாதிதான் இருக்கும். அவன் கத்தரிக்கோல் எந்தப் பக்கத்தில் வெட்டுகிறது என்று கவனியுங்கள். பத்து மாத்திரை அட்டையில் ஐந்து கேட்டால், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடும். விற்காமல் போனால் மொத்த வியாபாரிக்குத் திருப்பித் தர அது வேண்டும். வாங்குகிறவர் கையில் தேதியில்லாத துண்டு வரும். அடுத்த முறை அவர் அந்தத் துண்டைத்தான் நீட்டுவார்.

"தம்பி, அஞ்சு நாளைக்குக் குடு."

"எல்லாத்துலயுமா தாத்தா?"

"சுகர்ல அஞ்சு, பிரஷர்ல அஞ்சு. கேஸ் மாத்திரை ஒரு அட்டை. அந்த நீட்டு மாத்திரை வேணாம்."

"அது கொழுப்புக்குத் தாத்தா. டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"சம்பளம் வரட்டும்."

தினமும் நடக்கிற பேச்சு இது, ஆள்தான் மாறும். டாக்டர் முக்கியம் என்று எழுதித் தரும் வரிசை ஒன்று. கவுண்டரில் அடிபடும் வரிசை நேர் எதிர். கேஸ் மாத்திரையும் மூட்டுவலி மாத்திரையும் கடைசி வரை தப்பிக்கும். விட்டால் அன்றைக்கே தெரிந்துவிடுமே. ரத்தக்குழாய்க்குள் சத்தமில்லாமல் வேலை செய்கிற கொழுப்பு மாத்திரையை ஒரு மாதம் விட்டால் ஒன்றும் வலிக்காது. அதனால் முதலில் கழிவது அது. அடுத்தது பிரஷர் மாத்திரை, ஒன்றுவிட்ட நாள் கணக்கில். பெண்கள் வந்தால் கணக்கு இன்னும் மோசம். "அவருக்கு முழு அட்டை, எனக்கு நாலு" என்று சொல்லாத அம்மா அபூர்வம். இப்படிக் கழித்துத்தான் ஆயிரத்துச் சொச்சம் வரவேண்டிய மாதக் கணக்கு அறுநூறுக்கு இறங்குகிறது. அதை அடைக்க வருவது எது? முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். ஆலையில் இருந்தவர் என்றால் பி.எஃப். பென்ஷன், அதன் குறைந்தபட்சம் 2014-லிருந்து இன்றுவரை 1,000 ரூபாயில் நிற்கிறது.

ஒருநாள் ஒரு பெரியவர் பர்சிலிருந்து லேமினேஷன் போட்ட முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். முகத்தில் ஒரு கம்பீரம். "அஞ்சு லட்சம் இருக்குதாம். இதுல கழிச்சுக்க."

பையன் சிரிக்கவில்லை, அதற்கு அவனைப் பாராட்ட வேண்டும். "இது அட்மிஷன் ஆனாத்தான் தாத்தா. மெடிக்கல்ல செல்லாது."

"அஞ்சு லட்சத்துல முந்நூறு ரூவா கழிக்க முடியாதா?"

கேள்வியில் தப்பே இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-ல் பெயர் மாறிய இந்தத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தருகிறது. இருதய அறுவை, டயாலிசிஸ், புற்றுநோய் என்று அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். சில பெரிய சிகிச்சைகளுக்குப் பிந்தைய கவனிப்பும் உண்டு. ஆனால் அதன் கண் ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல் இருக்கிறது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் அப்படித்தான். 2024 அக்டோபர் 29 முதல் எழுபது வயது தாண்டியவர்களை வருமானம் பாராமல் சேர்த்துக்கொள்வதாக அதை விரித்தார்கள். அங்கேயும் அட்மிஷனுக்கு முன் 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்துதான் கணக்கில் வரும். பதினாறாம் நாள் காலையில் போடும் மாத்திரை கைக்காசு. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பக்கவாதக் கட்டிலுக்கே போக வேண்டாம் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். கட்டிலுக்குப் போனால் லட்சக்கணக்கில் தரத் தயாராக இருக்கும் அட்டை, போகாமல் இருப்பதற்கு முந்நூறு தராது. அந்தப் பெரியவர் இதைத்தான் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் வருவார். பில்லை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்து வரிவரியாகப் பார்ப்பார். 2025 செப்டம்பர் 22-ல் மருந்துக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும், அடுத்த வாரமே பழைய விலை அச்சிட்ட அட்டையைக் காட்டி, "குறைச்சாச்சே, இதுல ஏன் குறையல?" என்று மல்லுக்கு நின்றவர். அவருக்கு அரசு பென்ஷன் உண்டு. 2022 ஜூலையில் வந்த ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்துக்காக மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். அதுவும் கட்டிலுக்குத்தான். ஒரு சாயங்காலம் அமெரிக்காவிலிருக்கும் மகளிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டது: "உன் மாமியாருக்கு மாத்திரைக்குன்னே தனி இன்சூரன்ஸா? ஓகோ... எவ்வளவு கட்டணும்?" அங்கே முதியவர்களின் மருந்துச் சீட்டுக்கென்றே 2006 முதல் தனிக் காப்பீடு இருக்கிறது. சந்தா, பங்குத்தொகை, பட்டியல் என்று தலைசுற்றும் சட்டதிட்டங்கள். 2025-ல் ஒரு உச்சவரம்பு வந்தது: பட்டியல் மருந்துக்கு அந்த வருடம் சொந்தக் கையிலிருந்து 2,000 டாலருக்கு மேல் போகாது என்றார்கள். அந்த ஊர் மருந்து விலை கொடுமையானது, அதைப் பார்த்து நாம் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் "இதுக்கு மேல போகாது" என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் அந்தக் கோட்டைப் பெரியவர்கள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், ஐந்து நாள் என்று.

இலவசமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவிலேயே முன்னோடி என்று சொல்லத்தக்க அளவுக்கு இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் வந்தது. டெண்டர் விட்டு, மூலப்பெயரில், மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை மாத்திரை அனுப்புகிறது. ராஜஸ்தான் 2011-ல் தன் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது பார்த்துப் பின்பற்றியது இதைத்தான். சுகர், பிரஷர் மாத்திரை இல்லாத பி.ஹெச்.சி. கிடையாது. அப்புறம் ஏன் இந்தக் கவுண்டரில் இத்தனை நரைத்த தலை?

காரணங்களை ஆட்களே காட்டிவிடுவார்கள். இலங்கைத் தமிழர் முகாம் அம்மா ஒருவர் இரண்டு அட்டைகளைக் கவுண்டரில் வைத்தார். ஒன்று ஜி.ஹெச்.சில் தந்தது, 'தமிழ்நாடு அரசு விநியோகம், விற்பனைக்கு அல்ல' என்ற வாசகம் போட்டது. "தம்பி, போன மாசம் தந்த குளிசை வெள்ளை. இந்த மாசம் இது ரோசா. எனக்கு அந்த வெள்ளைக் குளிசைதான் சுகம். அதையே தாங்கோ." டெண்டர் எடுத்த கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் உருவமும் மாறும், உள்ளே இருப்பது ஒன்றுதான். ஆனால் எழுத்தைப் பார்த்து மாத்திரை போடுகிறவர்கள் குறைவு. நிறத்தைப் பார்த்துப் போடுகிறவர்கள் அதிகம். அந்த நேரம் உள்ளேயிருந்த பார்மசிஸ்ட் அக்காவே வெளியே வந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாத்திரைதாம்மா, ஒரே பவர். ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க, பிரஷர் ஒரேயடியா இறங்கிடும்." அம்மா நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. வெள்ளையில் பத்து வாங்கிக்கொண்டுதான் போனார்.

இன்னொரு காரணம் நேரம். ஓ.பி. காலையில் நடக்கிறது. காலையில் ஓ.பி. வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போச்சு. அறுபத்தைந்து வயசுக்காரருக்கு என்ன கூலி என்று கேட்கிறவர்கள் சிப்காட் கேட்டுகளைப் பார்த்ததில்லை. கம்பெனி வாசலில் தடியோடு நிற்கிற செக்யூரிட்டிகளின் தலையைப் பாருங்கள்.

இதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். தன்னார்வலர் பெண்கள் பையோடும் பிரஷர் மெஷினோடும் வீட்டுக்கே வந்து ஒரு மாத மாத்திரை தருகிறார்கள். ஐ.நா. அமைப்பின் விருது 2024-ல் கிடைத்தது. கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தேன். இரண்டு வீடு பூட்டு. மூன்றாவது வீட்டில் பக்கத்துப் பாட்டி வாங்கி வைத்துக்கொண்டார்: "நூறு நாள் வேலைக்குப் போயிருக்கா, வந்தா குடுத்துடறேன்." அப்படியே நடக்கவும் செய்யும், அந்தத் தெரு அப்படிப்பட்டது. கொழுப்புக்கும் மூட்டுக்கும் தனியார் டாக்டர் எழுதிய மாத்திரைகள் அந்தப் பையில் வருவதில்லை. அதற்கு மறுபடி மெடிக்கல்தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைக்கிறது. சந்தையில் ஒரு சதவீதமாவது விற்கிற பிராண்டுகளின் சராசரி, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையைக் கம்பெனி வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். ரெண்டு மூன்று மருந்தை ஒன்றாக்கிய மாத்திரைகள் பெரும்பாலும் வெளியேதான் இருக்கின்றன. பட்டியல் மருந்துக்கும் நிம்மதி இல்லை: மொத்த விலைக் குறியீட்டைத் தொட்டு 2023 ஏப்ரலில் 12 சதவீதம் ஏற அனுமதி கிடைத்தது. மறுபக்கம் அதிசயமும் நடக்கிறது. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. அதுவரை ஒன்று 60 ரூபாய் பக்கம் விற்றது. ஏகப்பட்ட கம்பெனிகள் இறங்க, பத்து ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் சீட்டில் பழைய பிராண்டுப் பெயர் இருந்தால்? டாக்டர் எழுதியதற்குப் பதில் வேறு பிராண்டைக் கடைக்காரர் தானாக மாற்றித் தருவதற்கு மருந்துச் சட்ட விதிகளில் இடமில்லை. டாக்டர் மாற்றி எழுத வேண்டும். டாக்டரிடம் போக இருநூறோ முந்நூறோ பீஸ். போகாமல் காலி அட்டையைக் காட்டுகிறவருக்குப் பழைய விலையே தொடர்கிறது. கையில் சீட்டு இல்லாததன் செலவு இது.

மலிவுக் கடைகளும் வந்துவிட்டன. மக்கள் மருந்தகம் 2008-லிருந்து, அம்மா மருந்தகம் 2014-லிருந்து, 2025 பிப்ரவரி 24-ல் மாநிலம் முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள். திருவள்ளூர்ப் பக்கம் அப்படி ஒரு கடையில் நின்றபோது, ஒரு தாத்தா மாத்திரையை வாங்கி, விலையைக் கேட்டு, அதிர்ந்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். "இவ்ளோ கம்மியா இருந்தா கேக்குமாப்பா?" நாற்பது வருஷமாக அதிக விலை கொடுத்தே பழகிய கை. அவரைப் பழிக்க மனம் வரவில்லை.

திருவள்ளூர் என்றால் வீரராகவர் இல்லாமல் எப்படி? ஊரே அவரை வைத்திய வீரராகவர் என்கிறது. அமாவாசைக்குக் குளக்கரைப் படிகளில் கூட்டம் நெரியும். வெல்லத்தைக் குளத்தில் கரைத்தால் நோயும் அப்படியே கரையும் என்பது நம்பிக்கை. உப்பும் மிளகும் போடுகிறவர்களும் உண்டு. ஒரு தம்பதி வெல்லத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் துண்டை அவர் நைசாக வாயில் போட்டுக்கொள்ளப் போனார். "சுகரை வெச்சிக்கினு இன்னா பண்றே நீ?" என்று ஒரு அதட்டு. வெல்லம் தண்ணீருக்குப் போனது. உடனே அந்த அம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மாத்திரைத் துண்டை எடுத்துப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். பெருமாளை நம்புகிறவர்கள் மாத்திரையையும் நம்புகிறார்கள். அதே ஊரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஓ.பி.யில் நீளும் வரிசைக்கும் குளக்கரை வரிசைக்கும் ஆட்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

மறுபடி கும்மிடிப்பூண்டிக்கே வருகிறேன், சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஒரு மாத முதல் வாரம். செக்யூரிட்டி யூனிபார்மில் ஒரு பெரியவர், தோள்பட்டைப் பட்டை தையல் விட்டுத் தொங்க, கவுண்டரில் நின்றார். சில்லறை தேடப் பையைக் கவிழ்த்ததில் சம்பளச் சீட்டு வெளியே விழுந்தது. பக்கத்தில் நின்றவர் ஒரு ஃபவுண்டரியில் பர்மனெண்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், வாங்க வந்தது வெறும் தைலம். குனிந்து எடுத்துக் கொடுத்தவர் கண் சீட்டிலேயே நின்றுவிட்டது.

"யோவ், இ.எஸ்.ஐ. புடிக்கிறாங்களா உனக்கு?"

"புடிக்கிறாங்கண்ணே. தொண்ணூறு ரூவா."

"அப்ப இங்க ஏன்யா நிக்கிறே? உனக்கும் வீட்டுக்காரிக்கும் மாத்திரை சும்மா வரும்யா."

"எனக்கு வயசு அறுவத்தாறு ஆச்சேண்ணே."

"வயசு கேக்கறதில்லய்யா அங்க. சம்பளம் புடிச்சா நீ தொழிலாளிதான். நம்பர் எங்க?"

"சூப்பர்வைசர்கிட்ட இருக்கும்போல."

"கேட்டு வாங்கு."

"டூட்டி எட்டுலேர்ந்து எட்டுண்ணே. எங்க போறது?"

ரிட்டயர் ஆனவர் சொன்னது முழுக்கச் சரி. 1948-ம் வருடச் சட்டத்தில் வந்தது தொழிலாளர் அரசு காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு, வயது உச்சவரம்பு இல்லை. 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். பெரியவரின் சம்பளம் 12,000. அவர் பங்கு 90, ஏஜென்சி பங்கு 390, ஆக அவர் பெயரில் மாதம் 480 ரூபாய் கட்டப்பட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கும் மனைவிக்கும் ஓ.பி. சிகிச்சையும் மாத்திரையும் உண்டு. பெரிய வியாதி என்றால் அயனாவரம் போன்ற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள். இங்கே பேசிய எல்லா அட்டைகளிலும், தினசரி மாத்திரையை உரிமையாகவே தருகிற அட்டை இது ஒன்றுதான். அதற்குச் சந்தா கட்டிக்கொண்டே அவர் இங்கே நின்று கழித்துக் கழித்து வாங்கிக்கொண்டிருந்தார்.

தைலம் வாங்க வந்தவருக்கு மெடிக்கலில் மாத்திரைக் கணக்கே கிடையாது. அவர் கட்டுவது வருடத்துக்கு 120 ரூபாய். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெற்ற தொழிலாளி, அந்தத் தொகையை முன்பணமாகக் கட்டினால் தனக்கும் துணைக்கும் சிகிச்சையைத் தொடரலாம். மாதம் பத்து ரூபாய். ஆலைச் சங்கம் பலமாக இருந்த காலத்து ஆள், சங்கத்துக்காரர்களே படிவம் நிரப்பிக் கொடுத்தார்களாம். இதே சிப்காட்டில் அதே உலைக்கு முன்னால் காண்ட்ராக்டில் வெந்தவருக்கு இது கிடைப்பது கடினம். காண்ட்ராக்ட்காரர் மாறும்போதெல்லாம் புது ஆளாகச் சேர்க்கப்பட்டவருக்கு ஓய்வுபெற்ற தேதி என்று யார் எழுதித் தருவார்கள்? ஒருநாள் "நாளைலேர்ந்து வர வேணாம் பெருசு" என்பார்கள். அவ்வளவுதான் அவருடைய ஓய்வு. ஐந்து நாள் மாத்திரை கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில் வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அபார்ட்மென்ட் வாசலிலோ கம்பெனி கேட்டிலோ நரைத்த தலையோடு ஒரு செக்யூரிட்டி இருப்பார். அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி இ.எஸ்.ஐ. என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காப்பீட்டு எண்ணை ஏஜென்சியிடமிருந்து வாங்கித் தந்து, வாரத்தில் ஒருநாள் காலை டிஸ்பென்சரிக்குப் போக விடுப்பும் கொடுங்கள். இந்த வருடம் ஓய்வுபெறப் போகும் தொழிலாளி வீட்டில் இருந்தால், கடைசி நாள் மாலையும் சால்வையும் வாங்குவதற்கு முன்னால் கம்பெனியிடம் ஓய்வுச் சான்றை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். 120 ரூபாய்க்கு அந்தக் காகிதம் வேண்டும்.